குருவி உரல்

2024 மார்ச் 4

பேத்திக்கு இன்று ஒரு மாதம். கிளினிக் நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸி, அவளைக் குப்புறப் போட்டுப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே, நட்ட நடுவில், மிளகு அளவு ஒரு குழி. பிறக்கும்போதே வந்ததாம். நான் எந்தக் கடையில் என்ன தின்றேன் என்பதை வாசலிலேயே மோப்பம் பிடிக்கும் என் மனைவி பஞ்சாலை, தினமும் குளிப்பாட்டியும் இதைக் கவனிக்கவில்லை!

"அநேகமாக ஒன்றும் இருக்காது. ஆனால் கொஞ்சம் ஆழமாகத் தெரிகிறது, சிரம்பானில் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள், பயப்படாதீர்கள்" என்றாள் மிஸி. பயப்படாதீர்கள் என்றதும் என் மகள் மாதவி அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவளைத் தேற்ற மிஸி மலாயில் சொன்னாள்: லெசோங் பிப்பிட் மாதிரிதான், கன்னத்துக்குப் பதிலாக முதுகில். கன்னக்குழிக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் அது. லெசோங் என்றால் உரல், பிப்பிட் என்றால் குருவி. குருவியின் உரல்! என்ன அழகு.

கேடு என்னவென்றால், பக்கத்தில் சம்பந்தியம்மா செல்லம்மா நின்றிருந்தார். கல்யாணப் போட்டோவில்கூடச் சிரிக்காதவர். அவருடைய மலாய் பாசாரில் மீன் வாங்கப் போதும், அவ்வளவுதான். காதில் 'லெசோங்' மட்டும் விழுந்திருக்கிறது.

மார்ச் 5

காலையிலேயே சம்பந்தியம்மாவின் போன்.

"மிஸியே சொல்லிட்டா, லெசோங்னால வந்ததுன்னு. ஏழு மாச வயித்தோட புள்ளைய உக்கார வெச்சு சம்பல் இடிக்கச் சொன்னது யாரு?"

யார்? நான்தான். மிக்சியில் அரைத்தது வேண்டாம், கல் லெசோங்கில் மாதவி கையால் இடித்த, இறால் விழுது போட்ட பிளாச்சான் சம்பல்தான் வேண்டும் என்று அடம்பிடித்த ஐம்பத்து நான்கு வயதுக் குழந்தை.

மத்தியானத்துக்குள் சேதி கோலா சாவா வரை போய்விட்டது. எண்ணெய்ப்பனை லாரி ஓட்டும் தங்கராஜு வண்டியை நிறுத்திக் கேட்கிறான்: "என்னண்ணே, ஒங்க வாய் ருசிக்குப் பேத்தி முதுகுல பள்ளமாமே?"

வழக்கமாக இது என் தொழில். என் ஸ்கூல் வேன் போகாத வீடு இல்லை, நான் கொண்டுபோகாத சேதியும் இல்லை. முதல் முறையாக நானே சேதி.

மார்ச் 6

லெசோங்கை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கொலைகாரன் கத்தியை ஒளிப்பது இப்படித்தான் இருக்கும் போல.

மார்ச் 9

மாப்பிள்ளை முகுந்தன் வந்தான். மாதக் கடைசியில் மாதவியையும் பிள்ளையையும் பெடாஸில் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போவதாகப் பேச்சு. இன்று தரையைப் பார்த்துக்கொண்டே, "ஸ்கேன் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னு அம்மா சொல்றாங்க, மாமா" என்றான். நல்ல பையன். அம்மா முன்னால் வாய் திறக்க மாட்டான். பஞ்சாலை முன்னால் நான் எப்படியோ, அப்படி.

அவன் போனதும் மாதவி கேட்டாள்: "ஸ்கேன்ல ஏதாச்சும் இருந்தா எங்களைக் கூப்பிடவே மாட்டாங்களாப்பா?"

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பேனே. இன்று போய், ஏற்கெனவே சுத்தமாக இருந்த வேன் கண்ணாடியைத் துடைத்தேன்.

மார்ச் 11

ஒருவேளை என்னிடமிருந்து வந்திருக்குமோ? பார்த்துவிடலாம் என்று சட்டையைக் கழற்றினேன். ஒரு கண்ணாடி முன்னால், ஒன்று பின்னால். கழுத்துதான் பிடித்துக்கொண்டது. போனில் படம் எடுத்தால் சீலிங் ஃபேன் அழகாக விழுந்திருந்தது. கடைசியில் பஞ்சாலையைக் கூப்பிட்டேன்.

"இருக்கே, ரெண்டு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

"முப்பது வருஷமா ஏன்டி சொல்லல?"

"சீனன் கடை நாற்காலியில சாஞ்சு சாஞ்சு பள்ளம் விழுந்திருச்சுன்னு நெனச்சேன்."

சந்தோஷம் தாங்கவில்லை. உடனே போன் போட்டேன். "சம்பந்தியம்மா, லெசோங் மேல தப்பே இல்ல! இது எங்க பரம்பரை! எனக்கே ரெண்டு இருக்கு!"

"அப்ப ஒங்க வீட்டுச் சீக்கா?"

வைத்துவிட்டார். உனக்கு இது தேவையா? தேவையா?

மார்ச் 12

பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனோடு கிளினிக்குக்குப் போனேன். மிஸி சிரித்தாள். என்னுடையது வேறு கதையாம். இடுப்பின் இரு பக்கமும் தோலை எலும்போடு கட்டிவைக்கும் நார் குட்டையாக இருந்தால் அப்படிக் குழி விழுமாம், வெறும் அழகுதானாம். (அழகு! பஞ்சாலையிடம் சொல்ல வேண்டும்.) பேத்தியுடையது நடுவில், முதுகெலும்புக்கு நேராக. கருவில் உருவாகும்போதே வருவது, யார் எதை இடித்தாலும் வராது. பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். அபூர்வமாக உள்ளே நரம்புவரை கோளாறு இருக்கலாம். பிஞ்சு எலும்பு இறுகுவதற்குள் பார்த்துவிடத்தான் ஸ்கேன்.

என் முதுகைக் காட்டட்டுமா என்றேன். "வேண்டாம் அங்கிள்."

மார்ச் 17

நாளைக்கு ஸ்கேன். இன்று நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. காய்ச்சலா என்று பஞ்சாலை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மார்ச் 18

ஒன்றுமில்லை! ஒன்றுமே இல்லை! தோலோடு நின்ற குழிதான், உள்ளே எல்லாம் சுத்தம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதவி மறுபடியும் அழுதாள். இந்த முறை நானும்தான், இருமுவது போல.

செல்லம்மாவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. கையால் இடித்துக் காட்டி, "லெசோங்? லெசோங்?" என்று அங்கிருந்த மிஸியைக் கேட்டார். அவள் தன் கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு, "மக்சிக் புன் அடா லெசோங்" என்றாள். அம்மா, உங்களுக்கும்தான் இருக்கிறதே. டாக்டர் சொன்னதைக் கேட்டுச் சம்பந்தியம்மா சிரித்திருக்கிறார், அதில் கன்னக்குழி தெரிந்திருக்கிறது. நான் திரும்புவதற்குள் சிரிப்பு போய்விட்டது.

கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக: "எங்கம்மா லெசோங்கத் தொட்டதே இல்லையே, சம்பந்தி. அம்மியிலதானே அரைப்பாங்க."

வாழ்நாளில் நான் சிரிப்பை அடக்கிய ஒரே இடம் அந்த ஆஸ்பத்திரி.

மார்ச் 31

முகுந்தன் காரில் செல்லம்மா அழைத்துப் போக வந்து, பேத்தியை வாங்கிப் பின் சீட்டில் மாதவி மடியில் பத்திரமாக வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தக் கல்லு எங்க?"

ஆற்றில் போடப் போகிறார் என்றே நினைத்தேன். மெஷினுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தேன்.

"மிக்சியில அரைச்சா எம் மகனுக்கு எறங்க மாட்டேங்குது. இனிமே நானே இடிச்சுக்கறேன்."

"அப்ப எனக்கு?"

"பெடாஸ் என்ன பினாங்கு தூரமா? பேத்தியப் பாக்க வர்றப்ப சாப்பிட்டுப் போங்க."

முன் சீட்டில், இரண்டாவது பேத்தி போல லெசோங்கை மடியில் வைத்துக்கொண்டார். கார் நகரும்போது என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

இடது கன்னத்தில். நல்ல ஆழம்தான்.