ஏழாம் பகுதியில் இரண்டு திருத்தங்கள்

செந்த்-லூதிவின்,
ஜூன் 12

மதிப்பிற்குரிய சிஹெம் அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் வரைபடமும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. எலுவாவுக்குச் சளி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சிறு வயதிலிருந்தே மே மாதம் பிறந்ததும் கோட்டைக் கழற்றி எறிந்துவிடுவான். தாய் சொல்லிக் கேட்காதவன், மனைவி சொல்லியாவது கேட்கிறானா என்று தெரியவில்லை.

என் கணவர் ரொசேர் விட்டுப்போன காட்டுக்கு அடுத்த பத்தாண்டுத் திட்டம் எழுத வேண்டும். அதற்குக் காட்டு உரிமையாளர் சங்கம் கேட்கும் வரைபடத்தை உங்கள் ஓய்வு நேரத்தில் நீங்களே வரைந்து தருவதற்கு நன்றி. ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களை வைத்துக்கொண்டு, கியூபெக் நகரத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே எங்கள் மரங்களை இனம் பிரிக்க முடிகிறது என்றால் ரொசேர் தொப்பியைக் கழற்றியிருப்பார். எனக்கு வியப்பு அவ்வளவு சுலபமாக வராது. எங்கள் ஓடையின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. சிவப்பு மையில் குறித்திருக்கிறேன்.

இனி உங்கள் சந்தேகம். எங்கள் காட்டின் ஏழாம் பகுதியின் படம் மே முதல் வாரத்தில், இலை துளிர்க்கும் முன் எடுத்தது என்றும், அதில் தண்ணீரும் தரையும்தான் தெரிகின்றன என்றும் எழுதியிருந்தீர்கள். ஆனால் ஏழு வருடங்களுக்கு முன் விமானத்திலிருந்து லேசர் கதிரால் அளந்த கணக்கில் அங்கே பன்னிரண்டு மீட்டர் உயரத்துக்கு ஏதோ நிற்கிறது, பிறகு வெட்டினார்களா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் பின்கதவிலிருந்து அந்தப் பகுதிவரை மெல்லிய ஒற்றையடிப் பாதை ஒன்று லேசர் படத்தில் தெரிகிறது, அதில் இவ்வளவு நடந்தது யார் என்றும் கேட்டிருந்தீர்கள்.

மரம் வெட்டும் பேச்சு என் சாப்பாட்டு மேசைக்கு வந்ததில்லை. ஆனால் ரொசேரின் குறிப்பேட்டை நானே நல்ல கையெழுத்தில் படியெடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். 'ஏழு: ப்ளென். ஈரம். கைவிடப்பட்டது.' பிரெஞ்சில் ப்ளென் என்றால் சமவெளி. உங்கள் துனிஸ் பள்ளிகளிலும் இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஐம்பது வருடம் அங்கே நடந்தவர் எழுதிவைத்ததைவிட ஒரு படத்துக்கு அதிகம் தெரிந்துவிடாது. அப்படியே வரையுங்கள். பாதையைப் பற்றி: மான்களும் நடக்கும்.

இப்படிக்கு,
மதாம் ரொசேர் பெல்சீல்

செந்த்-லூதிவின்,
செப்டம்பர் 29

சிஹெம் அவர்களுக்கு,

நேற்று சங்கக் கூட்டம் முடிந்ததும் எலுவா என்னிடம் விடைபெறாமலே, உங்களை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான். உங்கள் இருவருக்கும் சாப்பாட்டு மேசையைத் தயார் செய்திருந்தேன். மாவுக்குள் இறைச்சி பொதிந்து சுட்ட 'பை' அடுப்பிலேயே காய்ந்துபோயிற்று. சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்பவள் நான். முதுகுக்குப் பின்னால் பேசினேன் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். புதன்கிழமை காலை பக்கத்து நிலத்துக் கொன்ராத் வந்தார். அவருடைய நிலம் எங்கள் ஏழாம் பகுதிக்குக் கீழே சரிவில் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். கதவைத் தட்டாமல் உள்ளே வரும் பழக்கத்தை அறுபத்தொன்பது வயதிலும் விடாத மனிதர். "மதாம், உங்க ப்ளென் பத்திக்கிட்டு எரியுது, ஜன்னல் வழியா பாத்தீங்களா?" என்றார். புல்லில் தீப் பிடித்துவிட்டது என்று பதறி மாடிக்கு ஓடினேன். மாடி ஜன்னலை நான் திறந்து எத்தனையோ வருடமாகிறது. தீ எதுவும் இல்லை. ஓடைக்கு அப்பால், ஏழாம் பகுதி இருக்கும் பக்கம், கண்ணுக்கெட்டிய தூரம்வரை சிவப்பு மேப்பிள் மரங்கள். மற்ற மரமெல்லாம் இன்னும் பச்சையாக இருக்க, அவை மட்டும் சிவந்து நின்றன. கீழே இறங்கி வந்தால் கொன்ராத் என் காப்பியை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். "நல்லா பயந்துட்டீங்க போல," என்று சிரிப்பு வேறு.

நேற்று மாதா கோயில் மண்டபத்தில் சங்கத்து வன அலுவலர் உங்கள் வரைபடத்தைத் திரையில் காட்டினார். ஏழாம் பகுதி வெளிர்மஞ்சள். 'கைவிடப்பட்ட சமவெளி. வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, வெள்ளை ஸ்ப்ரூஸ் ஊசியிலைக் கன்று நடுதல். நவம்பர்.' கொன்ராத் எழுந்து, "வாய்க்கால வெட்டினா பனி உருகுற தண்ணி மொத்தமும் ஏப்ரல் மாசம் என் சமையக்கட்டுக்குள்ள வந்துரும். நான் என்ன, வாத்தா வளக்குறேன்?" என்று கேட்க, மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் நான் எழுந்தேன். நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். என் கணவரின் குறிப்பை ஒரு பிழையும் இல்லாமல் நான் படியெடுத்துக் கொடுத்தேன் என்றும், அவர் எழுதிய சமவெளியைக் கொண்டுபோய் மரம் நிற்கிற இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். இந்த மண்ணில் கால் வைக்காதவர்கள் இந்த மண்ணை வரைந்தால் இப்படித்தான் ஆகும் என்றும் சொன்னேன்.

கடைசி வாக்கியம் கூடுதலாக இருந்திருக்கலாம். மற்றவை உண்மை.

நீங்கள் மறுத்துப் பேசவில்லை. "திரும்பப் பாக்குறேன், மதாம். தப்புன்னா வரைஞ்சவ நான்தான், என் பேர்லயே எழுதிக்கோங்க," என்றீர்கள். நாகரிகமான பதில்தான். ஆனால் நாகரிகத்தால் எல்லைக்கோடு நகராது. அக்டோபர் 31க்குள் நான் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் காடு சங்கத்தின் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். கையெழுத்திட்டாலோ நவம்பரில் மண்வெட்டும் இயந்திரம் வந்து நிற்கும். சமவெளி உண்மையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
மதாம் ரொசேர் பெல்சீல்

செந்த்-லூதிவின்,
அக்டோபர் 8

அன்புள்ள சிஹெம்,

போன கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. எழுதாதது சரிதான்.

இந்தக் கடிதத்தில் உன்னை 'நீ' என்று எழுதுகிறேன். அனுமதி கேட்காமலே எழுதுகிறேன், பிடிக்கவில்லையென்றால் சொல். உங்கள் திருமணம் முடிந்த வருடமே எலுவா என்னிடம், "மருமகள நீங்கன்னு கூப்பிடுறது மரியாதை இல்லம்மா, மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்துறது," என்றான். வளர்ப்பு அப்படி என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன். ஆறு வருடமாயிற்று.

சமவெளி கிடைத்துவிட்டது. அதைத் தேட நான் அதிக தூரம் போகவில்லை. கூட்டத்துக்கு மறுநாள், உனக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வரும் வழியில் கொன்ராத் என்னை நிறுத்தினார். "ரொசேர் எங்கயாவது சமவெளின்னு எழுதியிருப்பாரா, மதாம்? அவரு வாய்ல அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்ல. வெறும் நெலம்னா அவருக்கு வயலுதான். நீங்க சரியாத்தான் பாத்தீங்களா?" என்றார். எழுத்து விஷயத்தில் என்னைக் கேள்வி கேட்க இந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டுவதற்காகவே கொட்டகைக்குப் போய், ரம்பத்துக்கு எண்ணெய் விடும் குப்பிக்குப் பின்னால் இருந்த பழைய குறிப்பேட்டை எடுத்தேன்.

பென்சில் எழுத்து. 'ஏழு: ப்ளென்.' ஆனால் நான் அனுப்பிய படியில் இருக்கும் எழுத்துகள் அல்ல அவை. நடு எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போட்டு, ஒலிப்பது போலவே எழுதியிருந்தார். எழுத்துப் பிழை என்று நினைத்து நான் திருத்தியிருக்கிறேன். ஐம்பது வருடமாக அவருடைய கடிதங்களையும் விண்ணப்பங்களையும் திருத்தியவள் ஆயிற்றே, கை தானாகவே போயிருக்கும். சிஹெம், நீ வெளியூர்க்காரி, உனக்குத் தெரிய வழியில்லை. இந்தப் பக்கத்து மரக்காரர்கள் சிவப்பு மேப்பிளைத்தான் ப்ளென் என்பார்கள். எனக்கு அது காதில் விழாத சொல் இல்லை. என் வீட்டில் அதற்கு இடம் கொடுத்ததில்லை, அவ்வளவுதான். கொட்டகைப் பேச்சை எழுதுவது தலை வாராமல் பூசைக்குப் போவது போல என்று கான்வென்டில் சகோதரி செந்த்-அகாத் சொல்வார். நான் நல்ல மாணவி.

அதோடு முடியவில்லை. கடைசிச் சொல்லையும் திருத்தியிருந்தேன். பிரெஞ்சில் பேசும்போது இரண்டு வடிவமும் ஒன்றுபோல் ஒலிக்கும், எழுதும்போது முடிவெழுத்து மாறும். ரொசேருக்கு அந்த வித்தியாசம் கடைசிவரை பிடிபடவில்லை என்பது என் தீராத மனக்குறை. இந்த ஓர் இடத்தில் அவர் சரியாகவே எழுதியிருக்கிறார். 'விட்டுவை' என்று அவர் எழுதியதை நான் 'கைவிடப்பட்டது' ஆக்கினேன்.

'ஏழு: சிவப்பு மேப்பிள். ஈரம். விட்டுவை.' அவர் எழுதியது இவ்வளவுதான்.

எலுவாவுக்குத் தொலைபேசினேன். சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டான். பிறகு, "உன் ஜூன் மாசத்து லெட்டர் அன்னிக்கு அவ கைப்பையிலயே இருந்துச்சும்மா. எடுத்துக் காட்டுன்னு தொடைய இடிச்சேன். உங்கம்மா இந்த ஊர்லதான இருந்தாகணும், நாம மூணு மணி நேரத்துல வீட்டுக்குப் போயிருவோம்னுட்டா," என்றான். அவன் இணைப்பு போய்விட்டது என்று நினைத்து இரண்டு முறை அம்மா, அம்மா என்று கூப்பிட்டான்.

நீ சரியான கேள்வியை ஜூன் மாதமே கேட்டாய். உன் லேசர் கணக்கு மரங்களைப் பார்த்தது. உன் கண் பாதையைப் பார்த்தது. இரண்டையும் நீ ஒதுக்கிவைத்தது என் கையெழுத்தை மதித்து. இதை அப்படியே சங்கத் தலைவருக்கு எழுதி, கூட்டக் குறிப்பில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். நவம்பர் வேலையையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால் எழுந்து நின்று வாயாலும் சொன்னேன். சுலபமாக இல்லை. கொன்ராத் மட்டும் கோப்பையை உயர்த்தி, "யப்பா ரொசேர், ஒரு வழியா நூத்துக்கு நூறு வாங்கிட்ட!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று சொன்னார்கள்.

ஜூன் மாதம் நீ அனுப்பிய லேசர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நேற்று பின்கதவிலிருந்து அந்தப் பாதையில் நடந்தேன். ரொசேரின் ரப்பர் பூட்ஸில் இரண்டு ஜோடிக் காலுறையோடு. படத்தில் கோடு எங்கே வளைகிறதோ அங்கே தரையும் வளைகிறது, ஓடையை எங்கே தாண்டுகிறதோ அங்கே பலகை கிடக்கிறது. நாற்பது நிமிடம் நடந்தேன். மான் நடந்த வழி இல்லை அது. மான் பலகை போடாது.

அங்கே கணுக்கால்வரை தண்ணீர். அதில் உதிர்ந்த இலைகள் மிதக்கின்றன. அதனால் மேலே மட்டுமல்ல, கீழேயும் சிவப்பு. பாதி இலைகள் இன்னும் கிளையில் இருக்கின்றன. கொன்ராத்தின் சமையலறையை இத்தனை வருடம் நனையாமல் காத்தது இந்தச் சேறுதான் என்று அங்கே நின்றபோது எனக்கே விளங்கியது.

இன்னொன்று உண்டு. எலுவாவிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். ஒவ்வொரு செப்டம்பரிலும் ரொசேர் சேற்றுக் காலோடு பின்வாசலில் வந்து நின்று, "ஃபெர்னாந்த், ப்ளெனப் பாக்க வர்றியா? அடுத்த வாரம் போச்சுன்னா போச்சு," என்பார். வெறும் நிலத்தில் பார்க்க என்ன இருக்கிறது, பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள் என்பேன். சமவெளி அடுத்த வாரம் எங்கே போய்விடும் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் விளக்கவும் இல்லை. விளக்கினால் உச்சரிப்பைத் திருத்துவேன் என்று நினைத்திருப்பார். ஐம்பத்திரண்டு செப்டம்பர்கள்.

குறிப்பேட்டை இத்துடன் அனுப்புகிறேன். படி அல்ல, அவர் எழுதியதே. ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. மற்ற பகுதிகளிலும் என் கை எங்கெங்கே போயிருக்கிறதோ தெரியாது, ஒவ்வொரு வரியாக நீதான் ஒத்துப்பார்க்க வேண்டும். எழுத்து புரியாத இடத்தில் கொன்ராத்தைக் கேள், என்னைக் கேட்காதே. புதிய வரைபடம் வரும்வரை திட்டத்தில் கையெழுத்திட மாட்டேன். அதில் வரைந்தவர் என்ற இடத்தில் உன் முழுப்பெயர் இருக்க வேண்டும். எழுத்துகளை ஒருமுறை எனக்கு எழுதி அனுப்பு, பிழையாகப் படித்துவிடக்கூடாது.

உன் கால் அளவு முப்பத்தேழு என்று எலுவா சொன்னான். கூட்டுறவுக் கடையில் பச்சை நிற பூட்ஸ்தான் இருந்தது, வாங்கிப் பின்கதவருகே வைத்திருக்கிறேன். இந்த முறை கோழி இறைச்சியில்தான் 'பை' செய்வேன், நீ வழக்கமாக வாங்கும் ஹலால் கடையிலிருந்தே கோழியை வாங்கி வா. மழை அடித்தால் இரண்டே நாளில் மிச்ச இலையும் விழுந்துவிடும். சனிக்கிழமை வரைக்கும் வானம் தெளிவு என்று வானொலியில் சொன்னார்கள். கடவுள் உன்னையும் எலுவாவையும் சாலையில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ப்ளெனப் பாக்க வர்றியா, சிஹெம்? சாய்கோடு போட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

உன் மாமியார்,
ஃபெர்னாந்த்