ஆடாத கையெழுத்து

1 ஜூலை 1944, சனி. அஸ்தம்பட்டி

என் பாவம் என்ன? இன்று தேவாலயத்தில், பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியார் கேட்டார். “லாசர் குடிச்சதச் சொல்லிட்டே. அவன் பொய் சொன்னதயும் சொல்லிட்டே. இனி உன்னுதச் சொல்லும்மா.” வருடக்கணக்காக முழந்தாளிட்டு என் தம்பியின் பாவங்களைத்தான் ஒப்பித்து வந்திருக்கிறேன் போலும். பட்டம் வாங்கியவளுக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை.

5 ஜூலை

லாசருக்காக லீவு லெட்டர் எழுதினேன், வழக்கம்போல அவன் கையெழுத்திலேயே. ‘கடும் தலைவலி.’ தலைவலி எனக்கு.

8 ஜூலை, சனி

அவன் வாத்தியாராக இருக்கும் பள்ளியின் தலைமையாசிரியர் சுவாமிநாதன் வந்தார். காபி வேண்டாம் என்றார். பையிலிருந்து மூன்று லெட்டர்களை எடுத்து மேசைமேல் பரப்பினார்.

“ஏனுங்க டீச்சரம்மா, குடிக்கிறவன் கை ஆடுமுங்க. இதுல ஒரு புள்ளிகூட ஆடலீங்களே?”

லெட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

“இன்னொண்ணு இப்பிடி வந்தா வேலை போயிருமுங்க. அவரே எழுதி அவரே கொண்டாரட்டும். காரணம் என்னவா இருந்தாலும் சரி.”

அவர் போன பிறகு எனக்கு வந்தது வெட்கமல்ல, கோபம். இத்தனை வருடக் கைத்திறனில் குறை கண்டுபிடித்துவிட்டாரே என்று! என்ன பிறவி நான்? பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை.

10 ஜூலை

எழுதியே தீர வேண்டும். எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு இருந்த ஆறு ஆண்டுகள் மட்டும் லாசர் குடிக்கவில்லை. ஒழுங்காகப் பள்ளிக்குப் போனான். என்னைத் தேடி வரவில்லை. அந்த ஆறு ஆண்டுகளும் நான் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். இந்த ஜனவரியில் மதுவிலக்கை எடுத்துவிட்டார்கள்; கள்ளுக்கடைகள் திரும்பத் திறந்தன. பொங்கலுக்கு மறுநாள் அவன் தள்ளாடி என் வாசலில் நின்றபோது ‘ஐயோ’ என்றது வாய். உள்ளே — நிம்மதி. வந்துவிட்டான்.

அவனுக்குக் கள். எனக்கு அவன்.

சாமியாரிடம் இதைச் சொல்லலாம்.

12 ஜூலை, புதன்

சாயங்காலம் லாசர் வந்தான், மனைவி வேளாங்கண்ணியோடு. இரண்டு நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை.

“அக்கா, ஒரே ஒரு லெட்டரு. இதான் கடைசி.”

“போன வாரத்ததும் கடைசிதான்.”

“பேனாவப் புடிச்சாலே கை நடுங்குதுக்கா.”

“நடுங்கட்டும்.”

“நான் தெருவுல நிக்கிறதப் பாக்கோணுமா உனக்கு? நீயெல்லாம் ஒரு அக்காவா?”

“அக்காதான். உன் கை இல்ல.”

வேளாங்கண்ணி அழுதாள். “நாலு வரிதானுங்க அண்ணி...” என் விரல்கள் துறுதுறுத்தன. பேனாவை எடுத்து அவனிடமே நீட்டினேன். வாங்காமல் போய்விட்டான்.

வேலை போனால்? போகும். பழி என்மேல் விழும். விழட்டும். நாளைக்கு அந்தப் பள்ளிப் பக்கம் போகமாட்டேன். சுவாமிநாதனுக்குத் தனியாகச் சொல்லி அனுப்பவும் மாட்டேன் — இந்த ‘தனியாக’ எங்கிருந்து முளைத்தது? சனியனே, இன்னும் போகலையா நீ?

13 ஜூலை, வியாழன்

நடந்தது இதுதான். காலை எட்டரைக்கு லாசர் என் வாசலைத் தாண்டி நடந்து போனான். உள்ளே பார்க்கவில்லை. சாயங்காலம் வேளாங்கண்ணி வந்து சொன்னாள்: அவனே எழுதிக் கொண்டுபோனானாம். ‘குடித்திருந்தேன். அதனால் வரவில்லை.’ இரண்டு வரியில் மூன்று அடித்தல். சுவாமிநாதன் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு மாதம் வர வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்றாராம். என்மேல் அவனுக்கு இருக்கும் கோபத்தையும் அவள் மறைக்கவில்லை.

சமைக்கிற பாப்பாயி கேட்டாள். “ஏனுங்கம்மா, தம்பி ஊட்டுக்குச் சோறு எடுத்து வெக்கட்டுங்களா?”

“வேண்டாம். அங்கேயும் அடுப்பு இருக்கு.”

நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் ரசம் கேட்டு வாங்கினேன்.