பாங்கு கேட்காத வீட்டுக்கு ஒரு பொதி

பெப்ரவரி 24, செவ்வாய்

கெக்கிராவையிலிருந்து இர்ஷாத் என்பவர் வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருந்தார். காது கேட்காதவர். சைகையில் கேட்டது இவ்வளவுதான்: எங்கள் அனுராதபுர மாவட்டத்துக்கும் அந்தச் செயலி வேண்டும். என் அக்கா முப்லிஹா ராத்தாவுக்காக நான் செய்த செயலி அவ்வளவு தூரம் போயிருக்கிறது! தலை கொஞ்சம் வீங்கித்தான் போனது.

ராத்தாவுக்கும் அவள் கணவர் அம்ஜத் மச்சானுக்கும் காது கேட்காது. முன்பெல்லாம் பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா ஜன்னலில் டோர்ச் அடித்தால்தான் அவர்களுக்கு விடியுமுன் சாப்பிடும் ஸஹர். அவர் வந்து கையைக் காட்டினால்தான் நோன்பு திறப்பது. ஒரு நாள் அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நன்றாக இருட்டும்வரை இவர்கள் கஞ்சியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். 'இனி யாருடைய கையையும் பார்த்திருக்க மாட்டேன்' என்று ராத்தா அன்று சைகையில் சொன்னாள். அதற்காகத்தான் இந்தச் செயலி. நேரம் வந்தால் போன் அதிரும்.

வேலையும் பெரிதல்ல. மாவட்டத்துக்கு ஒரு நேரக் கோப்பு. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை அடித்தால் கருவி எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டித்தரும். செயலி அதைப் பிரித்துப் படிக்கும். இதுவரை அம்பாறையும் மட்டக்களப்பும்தான். இன்று அனுராதபுரத்தையும் சேர்த்துக் கட்டி எல்லோருக்கும் அனுப்பினேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. அதற்குள் இஞ்சி அரைக்கச் சொல்லி என் உம்மா அடுப்படியிலிருந்து கத்தத் தொடங்கிவிட்டார்.

பெப்ரவரி 27

இர்ஷாத் நன்றி சொல்லி ஒரு தட்டுத் தொதல் இனிப்பின் படம் அனுப்பியிருக்கிறார். படத்தை எப்படித் தின்பது?

மார்ச் 3, செவ்வாய்

ராத்தா வீட்டில் நோன்பு திறக்கப் போனேன். எழுதக் கை வரவில்லை.

மேசையில் கஞ்சி, சமோசா, ஈச்சம்பழம். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு தொடங்கியது. நான் பழத்தை வாயருகே கொண்டுபோனேன். ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். 'அவசரப்படாதே, இன்னும் நேரம் இருக்கிறது' என்று போனைக் காட்டினாள்.

வெளியே பாங்கு முழுசாகக் கேட்கிறது. அவர்கள் இருவரும் கையில் பழத்தோடு போனையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அடுத்த பள்ளியின் பாங்கும் முடிந்தது. பிறகுதான் போன் அதிர்ந்தது. ராத்தா பிஸ்மில்லாஹ் என்று உதட்டை அசைத்து, சிரித்துக்கொண்டு பழத்தை வாயில் போட்டாள்.

பிந்தித் திறந்தால் பரவாயில்லை. ஆனால் ஸஹர்? அதுவும் பிந்தியிருந்தால் — விடிகாலைத் தொழுகையான சுபஹ் நேரம் வந்த பிறகும் சாப்பிட்டிருக்கிறார்கள். மச்சான் போன் அதிரும்வரை தேத்தண்ணீர் குடிக்கிறவர். அப்படியென்றால் அந்த நோன்பெல்லாம்? யா அல்லாஹ், என்ன செய்துவைத்திருக்கிறேன்!

நான் வாயே திறக்கவில்லை. கையையும் அசைக்கவில்லை. சமோசாவைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 4

காரணம் பிடிபட்டது. கருவி கோப்புகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்குகிறது; செயலியோ வரிசை எண்ணைப் பார்த்து எடுக்கிறது. இரண்டாவது இடம் எங்கள் மட்டக்களப்புக்கு. புதிதாக வந்த அனுராதபுரம் நடுவில் நுழைந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அங்கே சூரியன் எங்களைவிட ஐந்து நிமிடமாவது பிந்தித்தான் உதிக்கும், மறையும். எங்கள் ஆட்களுக்கு அந்த ஊர் நேரம். பாவம் இர்ஷாத்துக்கு எங்கள் நேரம் — சூரியன் மறையுமுன்னே நோன்பு திறந்திருக்கிறார்.

பொதிக்குள் எது எங்கே இருக்கிறது என்று காட்ட அதே கருவியில் இன்னொரு கட்டளை உண்டு. ஒரே ஒரு சொல். அதை அடித்துப் பார்க்க எனக்கு என்ன கேடு?

திருத்தி அனுப்பினேன். 'புதிய பதிப்பு' என்று மட்டும் எழுதினேன். உம்மாவிடம்தான் விஷயத்தைச் சொன்னேன். "தெரியாம நடந்ததுதானே புள்ள. அல்லாஹ்வுக்குத் தெரியும். நீ ஏன் சொல்லி அவள்ட மனச உடைக்கிறாய்?" என்றார். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

மார்ச் 5

பாறூக் மௌலவியிடம் போனில் கேட்டேன், ஒரு கூட்டாளியின் பிரச்சினை என்று.

"தெரியாமச் செஞ்சதில பாவமில்ல மகள். ஆனா அந்த நோன்பக் கழாச் செய்யணும், திரும்பப் புடிக்கணும். சொல்லாட்டி அவங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சும் மறைச்சா அது உங்கட கூட்டாளிட கழுத்திலதான்."

கூட்டாளியின் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 6, வெள்ளி

சொல்லிவிட்டேன். கையால் சொல்வது வாயால் சொல்வதைவிடக் கஷ்டம். தலையைக் குனிந்துகொண்டு சொல்ல முடியாது.

ராத்தா அழவில்லை. 'பாங்கு கேட்டுக்கொண்டா என் மேசையில் இருந்தாய்?' என்று கேட்டாள். ஓம் என்றேன்.

'நாங்கள் காத்திருந்ததைப் பார்த்துக்கொண்டு?'

மச்சான் எழுந்து வெளியே போனார். ஆயிஷா உம்மாவின் வாசலில் நின்று, டோர்ச் அடிப்பது போல் கையைக் காட்டி அவரிடம் கெஞ்சிக்கொண்டு இருந்தார். நான் செத்துப்போனேன்.

மார்ச் 7

செயலி பாவிக்கிறவர்களின் வட்ஸ்அப் குழுவில் வீடியோ போட்டேன். ஏறாவூர் ஹஸீனா கைக்குழந்தையோடு நோன்பு பிடிக்கிறவள். 'அத்தனையும் திரும்பவா?' என்று மட்டும் கேட்டாள். யாரோ ஒருவரின் தம்பி, காது கேட்கிறவன், எழுதியிருந்தான்: "காது கேக்காதவங்களுக்கு எதுக்கு இந்த விளையாட்டு? பக்கத்து ஊட்டக் கேட்டா முடிஞ்சி." நாலைந்து பேர் செயலியை அழித்துவிட்டார்கள்.

அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. அவன் பேசுவதற்கு வழிவிட்டது யார்?

மார்ச் 11

ராத்தா என் செய்திகளைப் பார்க்கிறாள். பதில் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

ராத்தா வந்தாள். நேராக மடிக்கணினியைக் காட்டி, 'கட்டுவது எப்படி என்று காட்டு' என்றாள். நானே செய்து தருகிறேன் என்றேன்.

'அதுதான் வேண்டாம்.'

பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் இருந்தாள். ஓர் இடைவெளி விட்டுப்போனாலும் கருவி சிவப்புச் சிவப்பாகத் திட்டியது. அவள் திரையைப் பார்த்துத் திருப்பித் திட்டினாள். நோன்போடு திட்டக் கூடாது என்றேன், அதற்குத்தான் காது கேட்காதே என்று கையை விரித்தாள். சிரித்துவிட்டேன். தொடையில் நன்றாகக் கிள்ளினாள். அந்த வலியில் எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

மார்ச் 21

பெருநாள். ராத்தா என்னைக் கட்டிப்பிடித்தாள். மச்சான் இன்னும் முகம் கொடுக்கவில்லை.

மார்ச் 28, சனி

ஏப்ரல் பொதியை ராத்தா தானே கட்டிவிட்டாள். குழுவில் எல்லோரும் கழா நோன்பு பிடிக்கத் தொடங்குகிறார்கள். அனுப்புமுன் ஒருதரம் பார்க்கிறேன் என்றேன். மடிக்கணினியை மூடிவிட்டாள்.

'ஹஸீனா பார்த்துவிட்டாள். இர்ஷாத்தும் பார்த்துவிட்டார். உள்ளே இருப்பதை அவரவர் ஊர்க் கலண்டரோடு வரிவரியாக ஒப்பிட்டார்கள். நீ எதற்கு?'

பிழை வந்தபோது என்னைத் திட்டினார்கள். அவளைத் திட்ட மாட்டார்கள், பாவம் என்பார்கள். அவளுக்கு அதைவிட வேறு கேவலம் இல்லை. தா, ஒரு நிமிடம் மட்டும், என்று கெஞ்சினேன். என் கண்முன்னாலேயே அனுப்பிவிட்டாள்.

ஏப்ரல் 2, வியாழன்

உம்மாவும் நானும் பெருநாளுக்குப் பிறகு பிடிக்கும் ஆறு நோன்பு பிடிக்கிறோம், ராத்தாவும் மச்சானும் கழா. நாலு பேரும் எங்கள் வீட்டில்தான் திறப்பதாக இருந்தது. பின்னேரம் வாவிப் பக்கமிருந்து காற்றும் மழையும் ஏறி வந்து ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. வானம் கறுத்து, பொழுது போனதா இல்லையா என்றே தெரியவில்லை. பள்ளி ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. தகரக் கூரையில் மழை மட்டும்.

"பாங்கு சொல்லிட்டா புள்ள? உனக்குக் கேட்டிச்சா?" என்று உம்மா என்னைக் கேட்டார். கேட்கவில்லை என்றேன். கலண்டரைப் பார்க்க எழுந்தேன்.

மேசையில் ராத்தாவின் போன் அதிர்ந்தது. அவள் பழத்தை எடுத்து வாயில் போட்டாள். மச்சானும் எடுத்தார். உம்மா என் பக்கம் திரும்பவில்லை. ராத்தாவின் கையைப் பார்த்தார், பிஸ்மில்லாஹ் சொன்னார், ஒரு பழத்தை எடுத்தார்.

நானும் திரும்பி வந்து உட்கார்ந்து நோன்பு திறந்தேன்.