அத்தான் கொடுத்த போத்தலும் அக்காவின் விரல்களும்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கஹவத்தையில் இறங்கி அக்கா வீட்டுக்கு நடை. சப்பாத்தெல்லாம் சேறு.

அக்காவின் நகக்கண் இன்னும் வீக்கம். மழையில் தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்து வந்த பூஞ்சை. வழக்கமான மாத்திரைக்கு அது மசியாது என்று எங்கள் லேப் சோதனையிலேயே தெரிந்துவிட்டது. ஆறும்வரை மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகக்கூடாதாம். வீட்டிலேயே அடைந்து கிடந்து எல்லோர் மேலும் எரிந்து விழுகிறாள்.

அத்தான் அவர்களின் லய வீட்டுச் சுவர் ஓட்டையை அடைக்க சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கொசுத்தேனீக் கூடு. நல்லவேளை, தடுத்தேன். லேப்பில் ஆராய்ச்சியை நடத்தும் மெடம், தேனீக்கள் கூட்டில் பூசும் பிசினைத்தான் பூஞ்சைமேல் வைத்துப் பார்க்கிறார். அத்தான் கொஞ்சம் சுரண்டி ஒரு போத்தலில் போட்டுக் கொடுத்தார். மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. சாப்பாடு அளவு மீறிவிட்டது.

ஜூன் 11, புதன்

பிசின் போத்தலில் ஒட்டிக்கொண்டதால் அதற்குள்ளேயே ஸ்பிரிட் ஊற்றிக் கரைத்து, அக்காவின் பூஞ்சை வளரும் தட்டில் வைத்திருந்தேன். இன்று பார்த்தால் சுற்றிலும் பெரிய வெற்று வட்டம். பூஞ்சை கிட்டவே வரவில்லை. உடனே அக்காவுக்குப் போன். ஞாயிறு கொண்டுவந்து பூசிவிடுவதாக வாக்கு வேறு. என் வாய் சும்மா இருக்காது.

ஜூன் 12, வியாழன்

மெடம் வட்டத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. போத்தலை முகர்ந்து முகம் சுளித்தார். அத்தானுக்குப் போன்.

"ரப்பர் பால் ஒறைய ஊத்துற அசிட் போத்தல்தாம்மா. காலியாத்தானே கெடந்துச்சு, அதான் கழுவல."

பூஞ்சையைக் கொன்றது அசிட். அதைத்தான் அக்கா புண்ணில் பூச இருந்தேன். மெடம் ஏசவில்லை. "ஹரி, ஆயெத் கரமு", சரி, மறுபடி செய்வோம் என்று சிங்களத்தில் சொல்லி பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

அக்காவிடம் சொன்னேன். அவளும் திட்டவில்லை. அதுதான் கஷ்டம்.

ஜூன் 18, புதன்

ஞாயிறு வாங்கி வந்த புதுப் பிசின். ஜாம் போத்தல். கழுவி வெயிலில் காயவைத்ததை அத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வட்டம் சின்னது. ஸ்பிரிட் மட்டும் வைத்த இடத்தில் வட்டமே இல்லை. பழைய மாத்திரை மருந்து வைத்த இடத்திலும் இல்லை. அப்படியென்றால் இது பிசினின் வேலைதான். தட்டு வேறு, விரல் வேறு என்கிறார் மெடம். தெரியும். இருந்தும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

வெயில். ஆஸ்பத்திரியில் மாற்றிக் கொடுத்த மருந்தில் அக்காவுக்கு வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. போனில் தட்டின் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"இத எப்ப என் வெரல்ல பூசுவ?"

இப்போது முடியாது, இன்னும் எத்தனையோ சோதனை, வருஷக்கணக்கில் ஆகலாம் என்றேன். கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, ஆகட்டும். அதுவரைக்கும் அந்த ஓட்டைய அடைக்கப்படாதுன்னு ஒங்க அத்தான்கிட்ட சொல்லிட்டேன்."