டெல்மரின் முறை

பைன் லிக், கென்டக்கி
2 ஏப்ரல் 1961

அன்புள்ள க்ளோவிஸ்,

இங்கே எல்லோரும் ஏதோ இருக்கிறோம். நீ நன்றாகவே இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். போன வருடம் மூன்று கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒஹாயோ போனவர்களுக்கு எழுதுகிற கை மரத்துப்போகும் போலிருக்கிறது.

ஹோபர்ட்டுக்கு மேல்வரிசைப் பல் முழுவதும் எடுத்தாயிற்று. ஆனாலும் அந்த ஆளுயரப் பேஸ் வாத்தியத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அதே இளிப்புதான். என் தங்கை லொரீன் எப்போதும்போல என் முதுகுக்குப் பின்னால் நின்று கிட்டார் வாசிக்கிறாள். உன் பிடில் இல்லாததை என் மாண்டலினை வைத்து எப்படியோ ஒப்பேற்றுகிறோம். பாஞ்சோ வாசிக்கத்தான் ஆள் தங்குவதில்லை. பாஞ்சோ இல்லாமல் ப்ளூகிராஸ் இசைக்குழு என்று எந்த முகத்தோடு சொல்லிக்கொள்வது? மாப்பிள்ளை டெல்மர் செத்துப்போன இந்த நான்கு வருடத்தில் மூன்று பேர் வந்து போய்விட்டார்கள்.

எல்லோரும் ஓடுவது 'வால்நட் கிளை' மெட்டில்தான். ஒவ்வொருவராக மைக்குக்கு வந்து தனியாக வாசிப்பதில் முதல் இரண்டு முறையும் ஒழுங்காகப் போகும். மூன்றாவது, டெல்மர் தனியாக வாசிக்கிற முறை. நான் தலையசைப்பேன், புது ஆள் மைக்குக்கு வருவான், பாதி வழியில் நின்றுவிடுவான். போன மாதம் ஓடியவன் என்னிடம் சொன்னான்: "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அங்க ஏற்கெனவே ஒருத்தர் நிக்கிறாரு. தோளால இடிக்கிறாரு." நான் சிரித்து மழுப்பினேன். சிரிப்பு வரவில்லை.

மே கடைசி ஞாயிறு கல்லறைகளுக்குப் பூ வைக்கிற நாள். டெல்மரின் கல்லருகே அந்த மெட்டை வாசிக்க வேண்டும் என்கிறாள் லொரீன். நீ வா. அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு, போதும். அவள் மனம் இளகிவிடும்.

உன்
எஸ்டில்

●

டேட்டன், ஒஹாயோ
16 ஏப்ரல் 1961

எஸ்டிலுக்கு,

குளிர்பெட்டித் தொழிற்சாலையில் கதவுக்குப் பிடி மாட்டுகிறேன். நாளுக்கு நானூறு கதவு. தெருவில் பாதிப்பேர் நம் பக்கத்து ஆட்கள்தான், சோளரொட்டி வாசம் வராத வீடே கிடையாது. ஹோபர்ட்டின் பல்லுக்கு என் அனுதாபம்.

பிடிலைப் பெட்டியிலிருந்து எடுத்து நான்கு வருடமாகிறது. ஆனாலும் எனக்கு இசைக்குக் குறைவில்லை. ஞாயிறு மதியம் முட்டை பொரிக்க அடுப்பைப் பற்றவைத்தால் பாஞ்சோ கேட்கிறது. முதலில் பக்கத்து வீட்டு வானொலி என்று நினைத்துப் போய்ச் சண்டை போட்டேன். அந்தம்மா, "எங்க வீட்ல வானொலியே இல்லப்பா" என்றாள். அது டெல்மரின் விரல். மற்றவர்கள் வாசிக்கும்போது அடியில் மெல்ல ஓட்டுவானே, அந்த ஓட்டம். முதல் முறை போகும், இரண்டாவது போகும். மூன்றாவது வரும் இடத்தில் நின்றுவிடும். ஒரு நாள்கூட அவன் அதை வாசித்ததில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, எஸ்டில். சொல்ல வெட்கமில்லை.

மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாய். எதற்கு என்று நீ உன் கையால் எழுது. வந்து கேட்கிறேன்.

க்ளோவிஸ்

●

பைன் லிக்
3 மே 1961

அன்புள்ள க்ளோவிஸ்,

உன் கடிதத்தைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. லொரீன் பீன்ஸ் சூப்பைத் திரும்பச் சூடு பண்ணி வைத்து, "யாரு கடிதாசி?" என்றாள். வானொலி நிலையத்திலிருந்து என்று பொய் சொன்னேன்.

எதற்கு என்று கேட்கிறாய். நடந்தது ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடக் கூடத்தில் சனிக்கிழமை மதியக் கச்சேரி, வெளியே நல்ல மழை. நீ உன் முறையை முடித்துப் பின்வாங்கினாய். டெல்மர் தலையைக் குனிந்து பாஞ்சோவைப் பார்த்தபடியே மைக்குக்கு வந்தான். நீ திரும்பவும் முன்னே வந்தாய். உன் பிடில் வில் அவன் கழுத்தில் இடித்தது, கூட்டம் கொல்லென்று சிரித்தது. நீ அவன் முறையையும் சேர்த்து வாசித்தாய். அவன் பாஞ்சோவைப் பெட்டியில் வைத்தான். வண்டிக்குக்கூடக் காத்திராமல் நடந்தான். ஓடையில் வெள்ளம், நடைபாலத்தில் ஏறியிருக்கிறான். மறுநாள் கிடைத்த உடலை லொரீன்தான் அடையாளம் காட்டினாள்.

அவள் சொல்வது இதுதான்: "ஒரு மெட்டு. ஒரே ஒரு மெட்டுல அவரோட முறைய விட்டுக்குடுக்க அவனுக்கு மனசு வரல." அவளை நான் எப்படித் தேற்றுவது, சொல்.

நேற்று நான்காவது ஆள் வந்தான். மூன்றாவது முறையில் கையை உதறிக்கொண்டு விலகினான். யாருடைய நனைந்த சட்டைக் கையோ தன் மேல் பட்டதாம். அவன் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது.

வா, க்ளோவிஸ். பழசைக் கிளறாமல் வா.

உன்
எஸ்டில்

●

டேட்டன்
12 மே 1961

எஸ்டிலுக்கு,

அழகாக எழுதியிருக்கிறாய். மழையை எழுதினாய், வில்லை எழுதினாய். நான் ஏன் திரும்ப முன்னே வந்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டாய்.

உன் தலையசைப்பு இல்லாமல் ஒருவரும் மைக்கை நெருங்கக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். அன்று நீ என்னைப் பார்த்துத் தலையசைத்தாய். டெல்மர் குனிந்திருந்தான். லொரீனும் ஹோபர்ட்டும் உன் முதுகுக்குப் பின்னால். பார்த்தவன் நான் ஒருவன்தான்.

நான்கு வருடம் வாயைத் திறக்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அண்ணனாவது மிஞ்சட்டும் என்றுதான். இனியும் திறக்க மாட்டேன். ஆனால் வரவும் மாட்டேன்.

டெல்மர் அந்தப் பையன்களை விரட்டவில்லை. நீ தலையசைத்துக் கூப்பிடுவாய் என்று நின்றுகொண்டிருக்கிறான்.

க்ளோவிஸ்

●

டேட்டன்
28 மே 1961, ஞாயிறு

எஸ்டில்,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இன்று மதியம் இரண்டு மணி வாக்கில் பாஞ்சோ மூன்றாவது முறையை வாசித்தது. முழுதாக. முடித்துவிட்டு ஒரு அடி பின்வாங்குகிற காலடியும் கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. முட்டை கருகியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

நீ என்ன செய்தாய்?

க்ளோவிஸ்

●

பைன் லிக்
2 ஜூன் 1961

க்ளோவிஸ்,

சொல்லிவிட்டேன். அதுதான் செய்தேன்.

அன்று ஊரே கல்லறை மேட்டில் இருந்தது. கல்லெல்லாம் காகிதப் பூ, புல்லில் விரித்த துணிமேல் வறுத்த கோழியும் ஆப்பிள் அடுக்கு கேக்கும். நாங்கள் மூவரும் டெல்மரின் கல்லருகே நின்று 'வால்நட் கிளை' எடுத்தோம். மூன்றாவது முறை வந்ததும் மாண்டலினை நிறுத்தினேன். அந்தக் கல்லைப் பார்த்துத் தலையசைத்தேன். லொரீன் பக்கம் திரும்பி, "அன்னிக்கு நான்தான் க்ளோவிஸைக் கூப்பிட்டேன்" என்றேன். "அதுக்கு முந்தின பாட்டுல மாப்பிள்ளைக்கு விசிலடிச்சாங்க. எனக்கு ஒருத்தனும் அடிக்கல. பொறுக்கல எனக்கு."

அவள் கிட்டாரை நிறுத்தவில்லை. அவன் வாசிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் தாளத்தை விடாமல் பிடித்தாள். ஹோபர்ட்டும் பேஸில் கூடவே வந்தான், கன்னத்தில் கண்ணீர் வழிய. எனக்கு எந்தப் பாஞ்சோவும் கேட்கவில்லை, இரண்டு வாத்தியமும் காற்றும்தான். கடைசியில் அவள் தந்தியில் கையை வைத்து அமர்த்தினாள்.

"நாலு வருஷம் என் கையால சாப்பிட்டிருக்கியேண்ணே" என்றாள். அவ்வளவுதான். அவள் வீட்டை விட்டு வந்துவிட்டேன், இப்போது ஹோபர்ட்டின் கொட்டகையில் படுக்கிறேன். குழுவை இனி அவள் நடத்துவாள், தலையசைப்பும் அவளுடையது. எனக்கு இடம் உண்டா என்று நான் கேட்கவில்லை.

உன் ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தை ஹோபர்ட் மூலம் அவளிடம் கொடுத்தேன். மூன்று தடவை படித்தாளாம். "க்ளோவிஸை வரச் சொல்லு. பிடிலக் கொண்டு வரச் சொல்லு. அவரு என்ன வாசிச்சாருன்னு எனக்கு வாசிச்சுக் காட்டட்டும். ஒரு சுரம் விடாம" என்று சொல்லி அனுப்பினாள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை வா. மதியம் அவள் வீட்டுக்குப் போ. நான் உள்ளே வர மாட்டேன், எனக்கு அனுமதியும் இல்லை. சாலையில் வேலியோரம் நிற்பேன். ஜன்னலை மட்டும் திறந்து வை.

எஸ்டில்