மாரித் இரண்டு வீட்டிலும் சாப்பிட்ட கிழமை

பேசாலை
தை 24, 2016

என்ர அன்பு மகள் அன்ரோனெற்றுக்கு,

அம்மா எழுதுறன். மடு மாதா காப்பாத்துறதால நானும் அப்பாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறம், நீயும் அந்த நோர்வேப் பனிக்குள்ள தடிமன் காய்ச்சல் எண்டு படுத்திடாமல் இருக்கவேணும் எண்டு செபமாலை சொல்லேக்க உன்னைத்தான் முதல் நினைக்கிறனான். போனில சொல்லத் தொடங்கினால் பாதியில உனக்கு வகுப்புக்கு நேரமாகிடும், அதால எல்லாத்தையும் ஆறுதலா எழுதி உன்ர சிநேகிதி மாரித்தின்ர கையிலயே தந்துவிடுறன். நோர்வேயில இருந்து பேராதனை யூனிவசிற்றிக்கு ஒரு தவணை படிக்க வந்த பிள்ளை, திரும்பிப் போக முதல் ஒரு கிழமை எங்கட தீவைப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தது எங்களுக்குப் பெரிய சந்தோசம், உன்ர கட்டிலில அவள் படுத்திருக்கிறதைப் பாக்க நீயே வந்திட்ட மாதிரி இருந்தது. நல்ல பிள்ளை, கோப்பையைக் கூட என்னைக் கழுவ விடேல்லை. ஆனா நீ அவளுக்குச் சொல்லிக் குடுத்த தமிழ் ஒண்டும் என்னட்டச் சரிவரேல்லை. சாப்பாடு போடேக்க, போதும் எண்டதுக்கு எங்களை மாதிரியே காணும் காணும் எண்டு சொல்லுவாள், நான் இன்னும் ஒரு கரண்டி போடுவன், கடைசியில அப்பாவிட்ட இங்கிலீசில கேட்டாளாம், காணும் எண்டால் இன்னும் போடுங்கோ எண்டு அர்த்தமோ எண்டு. அப்பா சிரிச்ச சிரிப்பில புரைக்கேறிப் போச்சு.

முதல் நாள் ஜமால்தீன் நானாவின்ர ஓட்டோவில டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கோட்டையையும் பள்ளிமுனைப் பெருக்க மரத்தையும் காட்டினம். மரத்தைக் கட்டிப்பிடிக்கப் பாத்தவள், கை எட்டேல்லை, நானாவும் அப்பாவும் சேந்து பிடிச்சும் எட்டேல்லை. ஆனா அவள் கனக்கப் படமெடுத்தது ரோட்டில நிண்ட கழுதையளைத்தான். வங்காலைப் பக்கம் பூநாரையள் வந்து நிக்குதெண்டு விடியவே எழும்பிப் போய்ப் பாத்திட்டு, சப்பாத்து முழுக்கச் சேறோட வந்து நிண்டாள்.

இனித்தான் பிள்ளை விசயத்துக்கு வாறன். பக்கத்து வீட்டு மாமி எங்களோட கதையாமல் விட்டு நாலு வருசமாகுது எண்டு உனக்குத் தெரியும். தன்ர மகன் டொமினிக்குக்கு உன்னைக் கேட்டு, நீ படிக்கப் போறன் எண்டு சொல்ல, நாங்களும் உன்ர பக்கம் நிண்டதில வந்த கோவம். அப்பா தன்ர சொந்தத் தங்கச்சியான அவவைக் கோயிலில கண்டாலும் தலையைக் குனிஞ்சுகொண்டு போவார், நானும் அப்பிடித்தான். மாரித்துக்கு இதெல்லாம் எங்க தெரியும். இரண்டாம் நாள் கடற்கரைக்கு நடந்து போனவள் மத்தியானமாகியும் வரேல்லை, நான் ரோட்டில நிண்டு அந்தரப்படுறன், பாத்தால் மாமி வீட்டுக்குள்ள இருந்து கையில ஒரு தட்டோட வாறாள். இரண்டு வீட்டுக் கேற்றுக்கும் அப்பா அந்த நாளையில ஒரே நீலப் பெயின்ற் அடிச்சவர் எல்லே, அவள் மாறி அங்க போயிட்டாள். மாமி ஒண்டும் கேளாமல் கதிரையில இருத்திச் சோறும் மீன் சொதியும் குடுத்து, வரேக்க ஒரு தட்டு நிறையப் பயத்தம் பணியாரமும் குடுத்து விட்டிருக்கிறா. நான் என்ன செய்ய, வெறும் தட்டைத் திருப்பிக் குடுக்கேலாது, நண்டுக் கறி வைச்சு மாரித்தின்ர கையில குடுத்து விட்டன். அடுத்த நாள் அந்தத் தட்டில புட்டும் பொரிச்ச மீனும் வந்தது. இப்பிடியே தட்டு போறதும் வாறதுமாய் இருந்தது, நாங்கள் இரண்டு பேரும் வாய் திறக்கேல்லை. அவளுக்கு இரண்டு வீட்டுச் சாப்பாடு, காணும் எண்ட சொல்லு ஒரு வீட்டிலயும் எடுபடேல்லை.

வியாழக்கிழமை டொமினிக் தன்ர போட்டில அவளைத் தலைமன்னார்க் கரைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். ஆழமில்லாத தண்ணியில இறங்கி நடந்தவள் மணலுக்குள்ள கிடந்த திருக்கை மீனை மிதிச்சுப் போட்டாள். முள்ளு காலில ஏறி, டொமினிக் போட்டில திருப்பிக் கொண்டு வந்து, அவளைத் தூக்கிக்கொண்டு கரையால ஓடி வரேக்க எங்கட கேற்றோ தங்கட கேற்றோ எண்டு பாக்கேல்லை, முதல் கண்ட எங்கட வீட்டுக்குள்ள வந்திட்டான். பிள்ளையின்ர முகம் வெள்ளையிலயும் வெள்ளையாய்ப் போச்சுது, ஆனா அழேல்லை, பல்லைக் கடிச்சுக்கொண்டு நோகுது நோகுது எண்டு தமிழில சொன்னாள். ஊரான் பிள்ளை, ஏதும் நடந்தால் தாய் தேப்பனுக்கு என்ன சொல்லுறது எண்டு நினைச்சுக்கொண்டே அடுப்பில தண்ணியை வைச்சன். அப்பா ஓட்டோவுக்கு ஓடினார். நான் அவளின்ர காலைச் சுடுதண்ணி வாளிக்குள்ள வைச்சுப் பிடிச்சுக்கொண்டிருக்கிறன், பின்னால ஆரோ கேத்திலோட வந்து நிக்கினம், திரும்பிப் பாத்தால் மாமி. “மச்சாள், இந்தச் சூடு காணுமோ, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டோ” எண்டு கேட்டா. நாலு வருசத்துக்குப் பிறகு என்னோட கதைச்ச முதல் கதை அதுதான். நான் “ஊத்துங்கோ” எண்டன்.

ஆஸ்பத்திரிக்கும் இரண்டு பேரும்தான் அவளோட போனம். முள்ளுத் துண்டை எடுத்து ஊசி போட்டு, பயப்பிட ஒண்டுமில்லை எண்டு டொக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. வெளியில வாங்குப் பலகையில இருக்கேக்க மாமி மெல்லமாய்ச் சொன்னா, டொமினிக் உயிலங்குளத்தில வசந்தமலர் எண்டு ஒரு பிள்ளையை விரும்புறானாம், வயல் செய்யிற சைவக் குடும்பமாம், தான் ஆறு மாசமாய் ஒருத்தருக்கும் சொல்லாமல் மனசுக்குள்ள வைச்சுக்கொண்டு திரியிறாவாம். சொல்ல ஆளில்லை எண்டு சொல்லிப்போட்டு என்னைப் பாத்தா. எனக்கு அது நெஞ்சில குத்தினது. பிள்ளை நல்லவளோ எண்டு கேட்டன். நல்லவள், கதைச்சுப் பாத்தனான், தன்ர மகனை விடக் கெட்டிக்காரி எண்டா. அப்ப பிறகென்ன மச்சாள் எண்டு நான் கேக்க, அவ சீலைத் தலைப்பால கண்ணைத் துடைச்சுப்போட்டுச் சிரிச்சா. நேற்று அப்பா, மாமி, நான் மூண்டு பேருமாய் உயிலங்குளம் போய் அந்தக் குடும்பத்தோட கதைச்சிட்டு வந்தம். நெல்லுக் கதிர் தலை சாய்ஞ்சு நிக்குது, வசந்தமலரின்ர தேப்பனும் எங்கட அப்பாவும் மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிக் கலியாணக் கதையை மறந்திட்டினம், மாமிதான் திரும்ப அதுக்கு இழுத்துக் கொண்டு வந்தவ. எங்கட பங்குச் சுவாமியாரோடயும் கதைச்சாச்சு. உயிர்த்த ஞாயிறு முடியக் கலியாணம். மாரித் இப்ப நொண்டி நொண்டி நடக்கிறாள், காலைச் சுகமாக்கிறம் எண்டு இரண்டு வீட்டிலயும் மாறி மாறிச் சுறா வறை குடுத்து அவளின்ர உடுப்பு இறுகிப் போச்சாம்.

பிள்ளை, நேரத்துக்குச் சாப்பிடு, தலைமுடி காயாமல் வெளியில போகாதை, ஞாயிறுப் பூசையை விடாதை. பனங்கிழங்கு ஒடியலும் கருவாடும் மாரித்தின்ர பையில இருக்கு, கருவாட்டைச் சன்னலைத் திறந்து வைச்சுப் பொரி, பக்கத்து அறைக்காரர் பாவம்.

இன்னொண்டு. மாமி தன்ர வாயால சொன்னதை அப்பிடியே எழுதச் சொன்னவ. “டொமினிக்கின்ர பொம்பிளைக்குத் தோழியா என்ர மருமகள் அன்ரோனெற்தான் நிக்கவேணும், அவள் வராமல் நான் கோயில் படி ஏறமாட்டன்.” இதுக்கு மறுமொழி எனக்குச் சொல்லாதை, மாமிக்கே போன் எடு. நம்பர் மாறேல்லை.

மாதாவின்ர நிழல் எப்பவும் உனக்கு மேல இருக்கட்டும்.

உன்ர அம்மா
றஞ்சிதம்