உதட்டுக்குள் தலையணை

15 பிப்ரவரி, ஞாயிறு

இன்று மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தவர்கள்: இஞ்ஞாசியம்மாளாகிய நான். மகன் ஞானதாஸ். மருமகள் ஏஞ்சலின். பேத்தி அனிஷா. பக்கத்து வீட்டுப் பழனியம்மாள், கறி வாசம் பிடித்து வந்தவள். அனிஷா பள்ளிக்கூடத்துக் கால்பந்து மாஸ்டர் ஆனந்த்ராஜ். இவரை யார் கூப்பிட்டது என்று கேட்டேன். ஞானதாஸ் தட்டு எடுக்கப் போய்விட்டான்.

நான் மறந்துவிடுவேன் என்று இதை எழுதவில்லை. எனக்கு எதுவும் மறக்காது. மற்றவர்கள் பின்னால் "அப்படி நடக்கவே இல்லை" என்பார்கள், அதற்குத்தான். படித்தது அஞ்சாம் வகுப்பு, இதற்கு அது போதும்.

அய்யலூர்ச் சந்தையில் பிடித்த ஆட்டுக்கறி. மாஸ்டர் நல்ல துண்டாகப் பார்த்துப் பொறுக்கிச் சாப்பிட்டார். "பாட்டி, மார்ச் பதினாலு மாவட்ட டீம் செலக்‌ஷன், நம்ம கிரவுண்டுலதான். அனிஷா உள்ள போயிட்டா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டு கையில. எழுதி வச்சுக்கங்க" என்றார். எழுதி வைத்துவிட்டேன். ஞானதாஸ் சம்பந்தம் பேசி முடித்தவன் மாதிரி சிரித்துக்கொண்டே இருந்தான்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. சாப்பிட உட்காருமுன் மாஸ்டர் கொல்லைப்பக்கம் போய்த் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். கறி தின்னப் போகிறவன் எதற்கு முதலில் வாய் கழுவ வேண்டும்? இந்தத் தெருவில் புகையிலையைத் துப்பிவிட்டுச் சாப்பிட உட்காருகிறவர்கள் நானும் பழனியம்மாளும்தான்.

18 பிப்ரவரி, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் வாங்கியாயிற்று. இனிப் பாஸ்கா வரைக்கும், ஆண்டவர் உயிர்க்கிற நாள் வரைக்கும், புகையிலை கிடையாது. வெற்றிலை மட்டும். வருசா வருசம் ஆண்டவருக்கும் எனக்கும் உள்ள ஒப்பந்தம். அவர் அதற்குப் பதிலாக இதுவரை பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.

பழனியம்மாள் வேண்டுமென்றே என் முன்னால் உட்கார்ந்து புகையிலை போட்டாள். "செத்த நேரம் வாசம் மட்டும் பிடிக்கா, அதுக்குப் பாவம் இல்லையில?" என்றாள். இதுவும் கணக்கில் இருக்கிறது, பழனியம்மா.

19 பிப்ரவரி

தலைவலி. வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் முட்டாள்கள்.

21 பிப்ரவரி

ஏஞ்சலின் வைத்த ரசத்தில் உப்பு இல்லை என்றேன். இருக்கிறது என்றாள். குடித்துப் பார்த்தால் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அனிஷா சோற்றை அளைந்துவிட்டு எழுந்து போகிறாள். கேட்டால் "பசிக்கல அப்பத்தா". வெஞ்சனத்தில் காரம் பட்டால் வாயைப் பொத்துகிறாள். அந்த வயதில் நான் அம்மிக்கல்லையே தின்றிருப்பேன்.

24 பிப்ரவரி

இன்று நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

காலையில் அனிஷாவின் விளையாட்டு உடுப்பைத் துவைக்க எடுத்தேன். முழங்கால் காலுறைக்குள் தகர டப்பி ஒன்று இருந்தது. திறந்தால் உள்ளே வெள்ளையாகக் குட்டிக் குட்டிப் பைகள், எறும்புக்குத் தலையணை தைத்து அடுக்கினது போல. புதினா வாசம். வாய் மணக்கப் போடுகிற மிட்டாய் போலிருக்கிறது என்று நினைத்தேன். மோந்து பார்த்தேன். புதினாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நம்ம ஆள் இருக்கிறார்! புகையிலை! என்னிடம் மறைக்க முடியுமா?

அப்புறம் நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். ஒன்றை எடுத்து உதட்டுக்குள் வைத்தேன். ஆசையில் இல்லை. சரி, ஆசையிலும்தான்.

துணி அலசுகிற கல் மேலே போனது, வேப்பமரம் கீழே வந்தது. ஈரத்துணிக் குவியல் மேல் அப்படியே சாய்ந்துவிட்டேன். பழனியம்மாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "அய்யய்யோ, கெழவி போயிருச்சு!" என்று கத்தியிருக்கிறாள். இன்னும் போகலை, பாவி. அவள்தான் வந்து முகத்தில் தண்ணீர் அடித்து, வாந்தி எடுக்கும்போது தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்புட்டு வருசம் போட்ட வாயி, என்னக்கா இப்படி விழுந்துட்ட?"

அதுதான் என் கேள்வியும். காய்ந்த புகையிலையைக் கிள்ளிக் கிள்ளித் தின்ற எனக்கே மண்டை கழன்றது. இதை வைத்துக்கொண்டா அந்தப் பிள்ளை வெயிலில் ஓடுகிறது?

ஆண்டவரே, ஒப்பந்தம் முறியவில்லை. அது விசாரணை.

25 பிப்ரவரி

அனிஷாவைக் கொல்லைக்குக் கூப்பிட்டு டப்பியைக் காட்டினேன். முகம் செத்துவிட்டது. பிறகு ஆங்காரம் வந்தது.

"நீ போடலையா? தெருவுக்கே தெரியும்படி போடுறேல்ல?"

"நான் போடுறேன். என்னைய யாரு டீமுல சேத்துக்கிட்டா? உதட்டைக் காட்டுடி."

காட்டவில்லை. பிடித்து மடக்கிப் பார்த்தேன். கீழுதட்டின் உள்பக்கம் ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய விரல் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருக்கிறது. உதட்டை விட்டுவிட்டேன்.

அப்புறம் அவளே சொன்னாள். "ஒண்ணு வச்சா பசிக்காது அப்பத்தா. பயம் வராது. காலு லேசாயிரும். இப்ப வைக்கலன்னா கையெல்லாம் ஒதறுது." கடையில் விற்கக் கூடாதாம், ஆனால் கிடைக்குமாம். பள்ளிக்கூடத்தில் பை சோதனை போடுகிறார்களாம், பையன்கள் பையை மட்டும். பொம்பளைப் பிள்ளை போடும் என்று எந்த வாத்தியாருக்குத் தோன்றும்?

"யாரு குடுத்தா?"

"யாரும் இல்ல."

பொய் சொல்லும்போது அவள் தாத்தா மாதிரியே காது மடலைத் தொடுகிறாள்.

26 பிப்ரவரி

ஞானதாஸ் மில் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். ஏஞ்சலின் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "வீட்டுல ஒருத்தர் எந்நேரமும் வாயில அடக்கிக்கிட்டே திரிஞ்சா பிள்ளை என்ன செய்யும் அத்தை?" என்று என்மேலேயே திருப்பினாள். சண்டை போட வாயைத் திறந்தேன். எழுந்து போய் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தேன்.

ஞானதாஸ் மட்டும் நிதானமாக இருந்தான். "மார்ச் பதினாலு வரைக்கும் பொறும்மா. செலக்‌ஷன் முடியட்டும். அப்பறம் டாக்டர்கிட்டக் கூட்டிப் போவோம்" என்றான்.

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் எதையாச்சும் கெளப்பி விட்டுறாத."

வேலைக் களைப்பு என்று விட்டேன். ஏஞ்சலின் யாரையும் கேட்கவில்லை. மறுநாளே பல் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

27 பிப்ரவரி

நிறுத்தினால் ஆறிவிடுமாம். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்றும் டாக்டர் சொன்னாராம். ஏஞ்சலின் அதை வாயால் சொல்லவில்லை. இன்று ரசம் நன்றாக இருந்தது என்று அவளிடம் சொன்னேன்.

3 மார்ச்

பள்ளிக்கூடம் போனேன். மதில் சுவரில் யானை உயரத்துக்கு எழுதியிருக்கிறார்கள்: புகையிலை இல்லா வளாகம். ரோட்டில் மஞ்சள் கோடு வேறு, அதற்கு இந்தப் பக்கம் யாரும் விற்கக் கூடாதாம். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு உறுதிமொழி சொல்லிக் கொடுக்கிறவர் யார்? ஆனந்த்ராஜ் மாஸ்டர். அவர் நெஞ்சில் கை வைத்துச் சொல்வதை வாசல் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். மேலுதடு லேசாக உப்பியிருந்தது.

தலைமையாசிரியர் சூசைராஜ் என்னை உட்காரச் சொன்னார். டப்பியைப் பற்றி, மாஸ்டர் உதட்டைப் பற்றிச் சொன்னதைக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"பாட்டிம்மா, நம்ம பொண்ணுங்களா? இருக்காது. அதுவும் ஆனந்த்ராஜ் சார் மேல... நீங்க தப்பா நினைக்கக் கூடாது, நீங்களே போடுறவங்க. ஒங்களுக்கு எல்லாம் அப்படித்தான் தோணும்."

"நான் தவசு காலத்துல போடுறதில்ல" என்றேன்.

அதற்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு மறக்காது.

7 மார்ச், சனி

பழனியம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய் வேலிக்கு வெளியே உட்கார்ந்தோம். பாதி ஆட்டத்தில் மாஸ்டர் பிள்ளைகளுக்கு ஆயக்குடிக் கொய்யாவை அரிந்து உப்பு மிளகாய் தூவிக் கொடுத்தார். நல்ல மனிதர் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். கொய்யா முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து தகர டப்பி வந்தது. பிள்ளைகள் நன்மை வாங்குகிற மாதிரி வரிசையில் வந்து கை நீட்டினார்கள். அனிஷாவும்.

"ஏக்கா, உங்க கோயில்ல குடுக்குறது மாதிரியே இருக்கே" என்றாள் பழனியம்மாள்.

சிரிப்பு வந்தது. அவள் கையில் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

10 மார்ச்

ஞானதாஸிடம் திரும்பவும் சொன்னேன், கண்ணால் பார்த்ததை. "அவரைப் பகைச்சா பிள்ள பேரை அடிச்சுருவாரும்மா. இன்னும் நாலு நாள். வாய மூடிட்டு இரு" என்றான். பெற்றவளைப் பார்த்து. வாயை மூடு என்று.

14 மார்ச், சனி

முடிந்தது.

மைதானத்தில் பந்தல். வெள்ளைத் துணி விரித்த மேசை, கோப்பைகள். மாவட்டத்திலிருந்து தேர்வாளர்கள், சூசைராஜ், பெற்றோர்கள். ஆட்டத்துக்கு முன்னால் உறுதிமொழி. பிள்ளைகள் எல்லோரும் கை நீட்டி நிற்க, ஆனந்த்ராஜ் மைக்கைப் பிடித்து, "புகையிலையைத் தொட மாட்டேன், பிறரையும் தொட விடமாட்டேன்" என்று ஆரம்பித்தார்.

நான் எழுந்தேன். ஞானதாஸ் சேலையைப் பிடித்து இழுத்தான். உருவிக்கொண்டு முன்னால் போனேன்.

"மாஸ்டரு! உதட்டைக் கொஞ்சம் மடக்கிக் காட்டிட்டுச் சொல்லுங்கய்யா!"

மைக்கில் என் குரலும் விழுந்துவிட்டது. முதலில் ஒரு பையன் சிரித்தான். பிறகு பந்தலே சிரித்தது. ஆனந்த்ராஜும் சிரித்தார், உதடு பிரியாமல். "வயசானவங்க, தண்ணி குடுங்க" என்றார். சூசைராஜ் வாட்ச்மேனைப் பார்த்தார். ஞானதாஸ் வந்து என் கையை முறுக்காத குறையாகப் பிடித்தான். "மானத்த வாங்காதம்மா! வா!"

அப்போது வரிசையிலிருந்து அனிஷா வெளியே வந்தாள். ஓடவில்லை, நடந்து வந்தாள். தேர்வாளர்களின் மேசைக்கு முன்னால் நின்று, வாய்க்குள் விரலை விட்டு, அந்தக் குட்டித் தலையணையை எடுத்து, வெள்ளைத் துணியில் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். எச்சிலோடு.

"சார் குடுத்தது" என்றாள். "இப்ப. பஸ் ஸ்டாண்டு பக்கம் போயி வாங்குனது இல்ல. சார் குடுத்தது."

சிரிப்பு நின்றது. இன்னொரு பெண் வந்து அதேபோல் வைத்தாள். கோல் காக்கிற தீபா. பிறகு இன்னொன்று. பிறகு நான் பார்க்கவில்லை, கண் மறைத்துவிட்டது. வெயில்.

ஆனந்த்ராஜ் போன் வந்தவர் மாதிரி காதில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போனார். போனில் வெளிச்சம்கூட இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருவரையும் இன்று ஆடவிடவில்லை.

15 மார்ச்

அனிஷா போர்வையை இழுத்து மூடிப் படுத்திருக்கிறாள். தீபாவின் அம்மா தெருவில் நின்று, "ஒரு கெழவியால எங்க பிள்ளை வாழ்க்கை போச்சு" என்று மண்ணை வாரி இறைத்தாள். பழனியம்மாள் என் சார்பில் எல்லாம் சொல்லிவிட்டாள். சில வார்த்தைகள் எனக்கே புதிது.

18 மார்ச்

வீட்டில் இப்போது புகையிலை விட்டவர்கள் இரண்டு பேர். அனிஷா தட்டை எறிந்தாள். நான் டம்ளரை எறிந்தேன். ஏஞ்சலின் இரண்டையும் பொறுக்கி வைத்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் பொரிகடலையை நடுவில் வைத்துப் போனாள். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டே தின்று தீர்த்தோம்.

20 மார்ச்

ஆனந்த்ராஜை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். சூசைராஜ் வீடு தேடி வந்து, "பாட்டிம்மா, அன்னைக்கு நான் கேட்டிருக்கணும்" என்றார். "கேட்டீங்க, சிரிச்சுக்கிட்டே கேட்டீங்க" என்றேன். காபி கொடுத்தேன். சீனி குறைத்துத்தான்.

23 மார்ச்

சாயங்காலம் அனிஷா தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொரிகடலைக் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன்டி அன்னைக்கு வந்த? நான் ஒரு பைத்தியம்னு சொல்லி விட்டுருக்கலாமே. இந்நேரம் டீமுல இருந்திருப்ப."

"எல்லாரும் ஒன்னையப் பாத்துச் சிரிச்சாங்க" என்றாள். "நானும் சிரிச்சேன் அப்பத்தா, வரிசையில நின்னு. அப்பறம் ஒரு மாதிரி ஆயிருச்சு."

கொஞ்ச நேரம் கடலை மென்றோம். பிறகு, ஏதோ வானிலை சொல்கிறவள் மாதிரி சொன்னாள்:

"அப்பாவுக்கு முன்னாடியே தெரியும். கிறிஸ்மஸ் லீவுல டப்பியைப் பாத்துட்டாரு. திட்டல. 'செலக்‌ஷன் வரைக்கும் அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் தெரியாம வச்சுக்க, அப்பறம் விட்டுறலாம்'னு குடுத்துட்டாரு."

"குடுத்துட்டாரா?"

"கையில. டப்பிய."

கிறிஸ்மஸ். அப்போது உதடு எப்படி இருந்திருக்கும்? வெளுக்க ஆரம்பித்திருக்குமா? கறி விருந்தன்று அவன் சிரித்தானே— நான் டப்பியைப் பற்றிச் சொன்னபோது அவன் முகத்தில் திடுக்கென்று ஒன்றும் வரவில்லையே, களைப்பு என்றல்லவா நான் நினைத்தேன். எனக்கா தெரியாமல் போனது? நான் பெத்த முகம்.

24 மார்ச்

கேட்டேன். இல்லை என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "சீட்டு கெடைச்சா அவ வாழ்க்கை நிமிந்துரும்னு நெனச்சேன்மா" என்றான்.

3 ஏப்ரல், பெரிய வெள்ளி

பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமி, யார்மேலாவது வருமம் இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள் என்றார். பெயர்களைச் சொல்லட்டுமா சாமி என்று கேட்டேன். பின்னால் வரிசை நீளமாக இருக்கிறது என்றார்.

5 ஏப்ரல், பாஸ்கா

விடிந்ததும் பழனியம்மாள் சுவருக்கு மேலே புதுப் புகையிலைப் பொட்டலத்தை நீட்டினாள். "ஒப்பந்தம் முடிஞ்சிருச்சுல்லக்கா?" சாயங்காலம் பார்ப்போம் என்றேன். சாயங்காலம் ஆகிவிட்டது. நான் அதை வாங்கக் கொல்லைப்பக்கம் போகவில்லை. நாளைக்கு எப்படியோ, தெரியாது.

மதியம் கறிக்குழம்பு. அனிஷா இரண்டாம் தரம் குழம்பு ஊற்றச் சொன்னாள். எரியவில்லையாம். சாப்பிட்ட கையோடு தீபாவுடன் பந்தை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வருச டீம் செலக்‌ஷனுக்கு வேறு யாரோ ஒரு மேடம் சொல்லிக்கொடுக்கிறார்களாம்.

கோயிலில் நன்மை வாங்குமுன் ஒவ்வொருவராக விட்டேன். பழனியம்மாளை விட்டேன். தீபாவின் அம்மாவை விட்டேன். சூசைராஜை, பல்லைக் கடித்துக்கொண்டு, விட்டேன். ஆனந்த்ராஜையும்கூட. அவன் ஊரான், எங்கள் பிள்ளைமேல் அவனுக்கு என்ன பாசம் இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது?

மதியம் நெஞ்செலும்பு பார்த்து எடுத்து அவன் தட்டில்தான் வைத்தேன். சாப்பிட்டான். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். நாளைக்கும் சோறு போடுவேன், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பேன். மன்னிக்க மட்டும் மாட்டேன். ஞானதாஸை.